பாதிக் கூரை

ஊர்ப் பணக்காரர் ஹாஜி பூஅஸ்ஸா கொடுப்பதாகச் சொன்ன பணத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் இளைஞர் மன்றத்துக்கு முழுக்கூரை கிடைத்திருக்கும். இத்தோவுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் ஹாஜி வைத்த நிபந்தனை அவளுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. செவ்வாய் மாலைகளில் அங்கே அவள் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுத்தாள், கூலி இல்லாமல். அது நிற்க வேண்டுமாம். மன்றம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமாம்.

"ஒத்துக்கோயேன், லல்லா இத்தோ. மழைக்காலம் வந்துடுச்சு," என்றார் மன்றத் தலைவர் ஹம்மாதி. நல்ல மனுஷர்தான், பணக்காரரைக் கண்டால் மட்டும் முதுகு தானாக வளையும்.

"வெளியில போன்னு சொல்றது உங்க மகளையும் சேர்த்துத்தான். ஒத்துக்க மாட்டேன்."

அவளும் அவள் தெருவிலிருந்த பெண்களும் ஞாயிற்றுச் சந்தையில் எண்ணெய் ரொட்டி சுட்டு விற்றார்கள். புகையில் கண் எரிந்ததுதான் மிச்சம் என்று சிலர் கேலி செய்தார்கள். சேர்ந்த காசுக்குப் பாதிக் கூரைக்கான தகரம்தான் வந்தது. மேலே ஏற்றுகிற கூலிக்கு ஒன்றும் இல்லை. இத்தோ தெருவைத் துவீசாவுக்கு அழைத்தாள். துவீசா என்று அழைத்துவிட்டால் அந்த மலைநாட்டில் எவரும் வீட்டில் உட்கார முடியாது. கூலியும் கிடையாது, காசும் வாங்கக் கூடாது. வந்தவர் கை கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் எல்லாருக்கும் குஸ்குஸ் சோறு.

செவ்வாய்க்கிழமை காலை தகரங்கள் கைமாறிக் கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தபோது ஹாஜி வந்தார். வெள்ளை அங்கி, கையில் தடித்த உறை, படம் எடுக்க ஓர் ஆள். கூடியிருந்த தெருவின் முன்னால் அவளை மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் மனுஷர்.

"மீதிக் கூரை இதுல இருக்கு. நான் சொன்னதுக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"இன்னிக்குத் துவீசா, ஹாஜியாரே. உறை வேண்டாம், கையைக் குடுங்க." ஒரு தகரத்தின் ஓரத்தை அவரிடம் நீட்டினாள்.

வாங்காமல் இருக்க முடியாது, தெருவே பார்க்கிறது. வாங்கினார். படம் எடுக்கிறவன் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தார். பிறகு தகரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கூரைமேல் இருந்த தச்சர் குனிந்து பார்த்தார். "என்ன ஹாஜி, படத்துக்கு மட்டும்தான் தூக்குவீங்களோ?"

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹாஜியின் காது சிவந்துவிட்டது. "நனைஞ்சு சாவுங்க," என்று சொல்லிவிட்டு உறையோடு காரில் ஏறினார். சோற்றுக்குக்கூட நிற்கவில்லை.

அன்று மாலையே மழை கொட்டியது. கூரை ஏறிய பாதியில் பெண்பிள்ளைகள் கையுறை மாட்டிக் குத்துப்பையைச் சுற்றி நின்றார்கள். ஹம்மாதியின் மகள் முதல் ஆளாக நின்றாள். இத்தோவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பயமும் இல்லாமல் இல்லை, அடுத்த தகரம் எப்போது வருமோ.

மறுபாதியில் பையன்கள் கம்பியைச் சுழற்றி ஆடும் பந்தாட்ட மேசை திறந்த வானத்தின் கீழே கிடந்தது. வாசலில் நின்ற ஹம்மாதி அதைக் கைகாட்டினார்.

"பார்த்தியா? பையன்களுக்கு இப்போ இடமே இல்லை."

"யார் சொன்னா?" இத்தோ திரும்பாமலே குத்துப்பையைப் பிடித்துக்கொண்டாள். "மேசையை இப்படித் தள்ளிட்டு வரச் சொல்லுங்க. நாங்க யாரையும் வெளியில போகச் சொல்லலை."