பிரிக்காமல் கிடந்த பரிசு

காலையில் கிளம்பும்போது அவர் சொன்னது ராயகிரி. சாயங்காலம் விபத்து நடந்தது பனவடலிசத்திரம் போகிற வழியில். ஒன்று வடமேற்கு, மற்றது தெற்கு. நடுவில் எங்கள் வீடு. ராயகிரியில் வேலை முடித்து வருகிற மனிதர், சங்கரன்கோவிலைத் தாண்டி, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிக்காமல், திருநெல்வேலி ரோட்டில் எதற்குப் போனார்?

என் கணவர் சுயம்புலிங்கம் விசைத்தறி மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயது. பின்னால் வந்த லோடு வேன் அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு சங்கரம்மாள் அக்கா தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று யாரிடமோ சொன்னது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"போனைப் பாத்துக்கிட்டே போயிருப்பாரு. அந்நேரத்துல அங்கன எவகூடப் பேச்சோ."

பதினாறு நாளும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவளும் அவள்தான். அதனால் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கேட்டதைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று பொருள்கள் கொடுத்தார்கள். கடிகாரம், அவருடைய ரெக்சின் கருவிப் பை, போன். பையைத் திறக்க முடியவில்லை. தறி எண்ணெய் வாசனை வந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். போன் உடைந்திருந்தாலும் வேலை செய்தது. மேல் மூலையில் கண்ணாடி ஒரு நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது. பூட்டு எதுவும் கிடையாது. எண்ணெய் ஊறின அவர் விரலின் ரேகையை எந்தப் போனும் ஒப்புக்கொண்டதில்லை.

யாரிடம் பேசினார் என்று பார்த்தேன். தறிக்காரர்கள், உதிரிபாகக் கடை, நான். ஒரு பெண் பெயர் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். அழிக்கத் தெரிந்தவர் அழித்திருப்பார் என்றுதான் தோன்றியது. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். எதையும் இரண்டு முறை படித்துப் பழகியவள். போனையும் அப்படித்தான் படித்தேன்.

அப்போதுதான் அந்த விளையாட்டு கண்ணில் பட்டது. தொட்டதும் எங்கள் தெரு வந்தது. வீடுகள் இல்லாமல் வெறும் கோடுகளாக ஒரு தெரு, நடுவில் தொப்பி போட்ட ஒரு பொம்மை ஆள். நான் அடுப்படிக்கு நடந்தால் அவனும் திரும்பினான். கிரைண்டர் இருக்கிற பக்கம் ஒரு பழுப்புப் பறவை குதித்தது. பெரியவர்களும் தெருத்தெருவாகப் போய்ப் பிராணி பிடிக்கிற ஒரு விளையாட்டு உண்டு என்று பத்திரிகையில் எப்போதோ படித்திருந்தேன். படித்துவிட்டு அவரிடம் சத்தமாகச் சிரித்ததும் நினைவிருக்கிறது. கழுதை வயசில் பொம்மை பிடிக்கிறவன் மூளையை எங்கே வைத்திருப்பான் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே நண்பர்கள் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர், கிளி 79. பக்கத்தில் பிரிக்காத பரிசுப் பொட்டலம் ஒன்று. உயர்ந்த நட்புக்கு இன்னும் பதினொரு நாள் பாக்கி என்று கீழே எழுதியிருந்தது.

அன்று சங்கத்துக்கு லீவு சொன்னேன்.

பிடித்து வைத்த ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம் இருப்பதையும், அதன் அடியில் பிடித்த தேதியும் ஊரும் இருப்பதையும் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு பெரியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய பிராணிகள் எல்லாம் ஒரே ஊர், பனவடலிசத்திரம். எல்லாம் புதன்கிழமை. புதன்கிழமைதோறும் அவர் எட்டரை மணிக்குத்தான் வீடு திரும்புவார். தறியில் பெரிய வேலை என்பார். நான் தோசைக்கல்லைப் போடுவேன்.

ஆக, ஒரு கிளி இருக்கிறாள். புதன்கிழமை இருக்கிறது. ஊரும் இருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு புகைப்படம் வந்தது. பனவடலிசத்திரம் தண்ணீர்த் தொட்டி, கீழே நாலு ஆடு. கூடவே ஏதோ மருந்துக் குப்பிகள், பந்துகள். ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் இன்னொரு பொட்டலம் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் செத்தது அவளுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். தெரியாமலே இருக்கட்டும். அவராகவே நான் பதில் அனுப்புவேன். ஒருநாள் அவளே வாய் திறப்பாள்.

பதில் பரிசு அனுப்ப வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து ஆகாது. போனில் தெரிகிற ஊரில் அங்கங்கே நீல வட்டங்கள் இருக்கும். பக்கத்தில் போய் நின்று விரலால் சுழற்றிவிட்டால்தான் பொட்டலம் கிடைக்கும். எங்களுக்குக் கிட்டே இருந்தது ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளம். சங்கம் விட்டதும் தினமும் அங்கே போனேன். பந்து எறியவும் பழகினேன். முதல் பத்துப் பந்தும் பிராணியைத் தாண்டித்தான் போயின. விளையாட்டில் கிடைத்த ஒரு முட்டை பொரிய ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றது. நடந்தேன். உளவு பார்க்கத்தான் நடந்தேன். ஆனால் முட்டை விரிசல் விடும்போது ஒருநாள் நடுத்தெருவில் நின்றுவிட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஊர் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் இரண்டு நாள் கவனித்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"யக்கா, ஆக்கிரமிப்பு அளக்க வந்தியளா? எங்க படி அரை அடிதான் வெளிய நிக்கி. அடுத்த வீட்டைப் பாருங்க, ரெண்டடி."

இல்லை என்றேன். பிறகு எதற்குப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டார். சிக்னல் கிடைக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த நாள் அந்தப் படிமேல் ஒரு துளசிச் செடித் தொட்டி ஏறியிருந்தது.

இப்படி எட்டு நாள். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிவிட்டது. ஆடிச் சுற்று சுற்றுகிற பெண்கள் கோவிலைச் சுற்றி விரலில் எண்ணிக்கொண்டு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நடக்கிற என்னை யாரும் பார்க்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. தெப்பக்குளத்துச் சுவர் ஓரம் நின்று வட்டத்தைச் சுழற்றினேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். பக்கத்தில் அறுபதைத் தொட்ட ஒரு ஆள், நரைத்த மீசை. அவருடைய கண் என் கையிலிருந்த போனின் உடைந்த மூலையிலேயே இருந்தது.

"இதேதான்" என்றார் அவர்.

"இந்தப் போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் அவள். "செத்தவரு போனையா எடுத்து வச்சி வெளையாடுதிய? நல்லா இருப்பியளா நீங்க?"

போனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். "நீ யாரு அதைக் கேக்கதுக்கு?"

"நான் யாராவும் இருந்துட்டுப் போறேன். போலீஸுக்குப் போவமா?"

"வா, போவோம். நீ கிளிதான?"

அவள் கை தளர்ந்தது. பெயர் அன்னக்கிளி என்று பிறகு தெரிந்தது. பனவடலிசத்திரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கூட வந்தவர் மூக்காண்டி, அதே பள்ளிக்கூடத்துக் காவல்காரர். நான் சுயம்புலிங்கத்தின் மனைவி என்றேன். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஆதார் அட்டை கேட்டாலும் கேட்பாள் போலிருந்தது. கைப்பையில் எங்கள் ரேஷன் கார்டு இருந்தது. எடுத்துக் காட்டினேன். மூக்காண்டி அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து என் கணவர் பெயரைத் தடவிப் படித்தார்.

நான்கு படி இறங்கி உட்கார்ந்தோம். அன்னக்கிளி சொன்னாள். அவர் இறந்த அன்று காலையில் அவள் ஒரு பரிசு அனுப்பியிருக்கிறாள். அவர் அதைப் பிரிக்கவில்லை. முந்தினதைப் பிரிக்காமல் அடுத்ததை அனுப்ப முடியாது. நாற்பத்தொரு நாள் தினமும் எழுந்ததும் பார்ப்பாளாம், அது அப்படியே கிடக்கும். ஒருநாள் காலையில் பிரித்திருந்தது.

"எனக்குக் குலை நடுங்கிட்டுக்கா. மூக்காண்டி அண்ணாச்சிதான் சொன்னாவ, செத்தவரு பிரிக்க மாட்டாரு, எவனோ போனை அடிச்சிட்டான்னு. இன்னொண்ணு அனுப்பிப் பாத்தேன். அதையும் பிரிச்சிட்டிய. தெப்பக்குளத்துலேருந்து பதிலும் வருது. சரி, திருடன் அங்கனதான் இருக்கான்னு வந்தோம்."

எட்டு நாளாக நான் அவளுக்கு விரித்த வலையில் அவள் எனக்கு வலை விரித்திருக்கிறாள். சிரிப்பு வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. கேட்க வேண்டியது இருந்தது.

"புதன்கிழமை புதன்கிழமை எதுக்கு வந்தாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பதிலை மூக்காண்டிதான் சொன்னார். புதன் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை பெரிய பிராணி வரும். மூன்று பேராவது சேர்ந்து அடித்தால்தான் விழும். பனவடலியில் விளையாடுகிறவர்கள் மூக்காண்டியும் அன்னக்கிளியும் மட்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் தறி பழுது பார்க்க வந்த என் கணவர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம். போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பரிசு அனுப்புகிற பழக்கம் மூக்காண்டிக்குக் கிடையாது, அதனால்தான் பட்டியலில் அவர் இல்லை. புதன் ஆறு மணி என்றால் வந்துவிடுவார். அடிப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்.

"என்கிட்ட தறி வேலைன்னுதான் சொல்லுவாரு" என்றேன் அன்னக்கிளியிடம்.

"நான் கேட்டேன்க்கா, வீட்டுல சொல்லிட்டு வாரியளான்னு. 'அவ புத்தகம் படிக்கவ, தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுருவா'ன்னாவ. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாவ."

போன் திரையை முந்தானையால் துடைத்தேன்.

கடைசிப் புதன் பற்றிக் கேட்டேன். ராயகிரி என்று சொல்லிவிட்டுப் போனாரே என்றேன். அன்னக்கிளி போனை வாங்கி, நான் பார்க்காமல் விட்ட சின்னப் பிராணிகளின் பக்கங்களைத் தள்ளினாள். அற்பமான ஒரு புழு. அடியில் அந்தத் தேதி, ஊர் ராயகிரி. பெரியவற்றை மட்டுமே பார்த்த நான் அதைத் தொடவே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லோரும் சொன்ன ஒன்று. அடிபட்டபோது கையில் போன் இருந்ததா?

"இல்ல, தாயி" என்றார் மூக்காண்டி. ஊர் முனையில் சத்தம் கேட்டு ஓடியதும், வண்டியைத் தூக்கியதும் அவர்தான். "ரெக்சின் பைக்குள்ள இருந்துச்சு. போலீஸ்காரர் என் கண்ணு முன்னால பையிலேருந்துதான் எடுத்தாரு. அண்ணாச்சி வண்டில ஏறினா போனைத் தொட மாட்டாவ."

சட்டென்று சொல்லிவிட்டார். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். புருஷனை இழந்தவளுக்கு ஆறுதலாக யாரும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களை நெல்லை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன்.

ஆணியிலிருந்து பையை எடுத்தேன். தரையில் தினத்தாளை விரித்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். ஸ்பேனர்கள், தறியில் குறுக்கே ஓடுகிற ஒரு பழைய நாடா, பாதி மிக்சர் பொட்டலம். அடியில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி, உருட்டிச் சுருட்டி. அதை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லப் பிரித்தேன். பொடிப்பொடியாக மினுங்கியது. நடுவில் நூலில் சிக்கி ஒரு சில்லு, நகக்கண் அளவு.

ஊசியால் எடுத்துப் போனின் மூலையில் வைத்தேன். திருப்பி வைத்தேன். பொருந்தியது.

போனைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறார். வீட்டு வழியாகப் போனவர் உள்ளே வராததற்கு ஆறு மணி மட்டும்தான் காரணமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வந்திருந்தால் எங்கே என்று கேட்டிருப்பேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். போனைச் சார்ஜ் ஏற்றி, பையில் வைத்து, வாசலைப் பூட்டும்போது சங்கரம்மாள் அக்கா எதிரே வந்து நின்றாள்.

"அந்தி நேரத்துல எங்கட்டி கெளம்பிட்ட?"

ராயகிரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு புரண்டது.

"பனவடலிசத்திரம்" என்றேன்.