பெயர் கேட்கப்படாத விருந்தாளி

சயாத் உண்டாக்கிய உலகத்தில் ஒரு விருந்தாளி நான்கு வாரமாகத் தின்றுகொண்டே இருந்தான். ஆட்டுக்கறி தின்றான், எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டை தின்றான், கிண்ணம் கிண்ணமாகப் பால் தேநீர் குடித்தான். அவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த உலகம் ஒரு பகடைக் கதை ஆட்டம்; கசாக்கியர் நாட்டு அல்மாத்தி நகரத்தில், சயாத் வீட்டுச் சமையலறை மேஜையில், ஞாயிறு மதியம்தோறும் விரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற சயாத்தான் கதையை ஓட்டுபவன். பல் டாக்டர் கம்ஷாத் அதில் ஜெரே என்ற குறிகாரி. லிஃப்ட் மெக்கானிக் தெமிர்லான் அதில் எசன் என்ற போர்வீரன். இவர்கள் இருவரும் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள், பகடை உருளும், நடந்தது என்ன என்று சயாத் சொல்வான். இரண்டு வருஷமாக இதே கூத்து. மூவரில் ஒருவர்கூட ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை.

இப்போது தவறப் போகிறது. வியாழக்கிழமை தெமிர்லான் மேற்குக் கோடியில் இருக்கும் அக்தாவுக்கு ரயில் ஏறுகிறான். எண்ணெய் வயலில் வேலை. ஐந்து வாரத்துக்கு முன் அவன் சேதியைச் சொன்னபோது சயாத் “நல்லதுடா” என்றான், இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றினான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சயாத்தின் அத்தை மகன்கள் இரண்டு பேர் அக்தாவ் போனவர்கள்தான். இரண்டு பேரும் அங்கேயே பெண் கட்டி, காஸ்பியன் கரையில் நின்று புகைப்படம் அனுப்புவதோடு சரி.

பத்து வயதிலிருந்து கூடவே திரிந்தவனிடம் “நீ போனா நான் என்னடா பண்ணுவேன்” என்று கேட்க சயாத்துக்கு வாய் வரவில்லை. அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடப் பார்த்தான். கதையில் எசனுக்குச் சின்ன வயதில் தொலைந்துபோன அண்ணன் ஒருவன் இருந்தான். அவன் முன்பின் தெரியாதவன் போல எசனும் ஜெரேயும் தங்கும் கூடாரத்துக்கு விருந்தாளியாக வருவான். அவனுக்கு ஒரு சாபம்: சொந்த ரத்தத்தில் ஒருவர் ‘நீ யார்’ என்று கேட்டாலொழிய அவன் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. கேட்டதும் சாபம் நீங்கும். பிறகு தம்பியிடம் ஒரு பக்க நீளத்துக்குப் பேசுவான். அந்த ஒரு பக்கத்தை சயாத் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். தெமிர்லானிடம் சொல்ல முடியாததெல்லாம் அதில் இருந்தது.

திட்டத்தில் ஓட்டை ஒன்றே ஒன்று. ஆடுகிறவர்கள் கசாக்கியர்கள். வாசலில் வந்து நின்றவனை உட்கார வைப்பார்கள், ஆட்டை அறுப்பார்கள், மெத்தை விரிப்பார்கள். நீ யார், எதற்கு வந்தாய் என்று மட்டும் தலையே போனாலும் கேட்க மாட்டார்கள். இதை சயாத் மறந்ததுதான் வேடிக்கை. அவன் வீட்டிலேயே போன குளிர்காலத்தில் ஒருவர் இரண்டு நாள் தங்கிப் போனார். யார் என்று இன்றுவரை தெரியாது.

“கூடாரத்துக் கணக்குல மூணு நாள் ஆச்சு,” என்றான் சயாத். அந்த ஞாயிறு அவன் பொறுமை விளிம்பில் இருந்தது. “மூணு நாள் விருந்து முடிஞ்சிருச்சு. வழக்கப்படி இனிமே அவர்கிட்ட எதுவும் கேக்கலாம்.”

“கேக்கலாம்தான்,” என்றான் தெமிர்லான், வாயில் பௌர்சாக்குடன். “கேட்டே ஆகணும்னு இல்லையே. மனுஷன் மூணு நாள் நம்ம உப்பைத் தின்னுட்டார். இப்பப் போய் யாருன்னு கேட்டா, யாருன்னே தெரியாமலா சோறு போட்டீங்கன்னு நெனைக்க மாட்டாரா?”

“நெனைக்க மாட்டார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான்டா அவர்.”

“நீ கதை ஓட்டுறவன். அவர் விருந்தாளி. ரெண்டையும் குழப்பாதே.”

சயாத் வேறு வழியாகப் போனான். விருந்தாளி தீயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மேலங்கி விலகியது, உள்ளே வெள்ளிக் கச்சை தெரிந்தது, அச்சு அசல் எசன் இடுப்பில் இருப்பது போலவே.

“நல்ல கச்சை,” என்றாள் கம்ஷாத்.

“அக்கா, சத்தமா சொல்லிடாதீங்க. நல்லாருக்குன்னா மனுஷன் கழட்டிக் குடுத்துருவார். நான் அந்தப் பக்கமே பார்க்கலை. எசன் கூரையைப் பார்க்கிறான். எழுதிக்கோ.”

சயாத் எழுதிக்கொள்ளவில்லை. எரிச்சலில் கதையைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். “சரி, ஜெரே கிண்ணம் நிறையத் தேநீர் ஊத்தி அவர்கிட்ட நீட்டறாள்.”

தெமிர்லான் மெல்லுவதை நிறுத்தினான்.

“நிறையவா?” என்றாள் கம்ஷாத்.

சயாத் நாக்கைக் கடித்துக்கொண்டான். கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கூடப் பிறந்தவன் வீட்டிலிருந்து அந்த அண்ணனை இப்போது அவனே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

“நாலு வாரமா தாங்கு தாங்குன்னு தாங்கினோம். ஒரே கிண்ணத்துல மானத்தை வாங்கிட்டியேடா,” என்றாள் கம்ஷாத். “என் கையால வேற. ஜெரே இப்படி ஊத்தறவளா?”

“மன்னிப்புக் கேளுங்களேன். அப்படியே பேச்சுக் குடுத்து, நீங்க எந்த ஊருன்னு...”

“மன்னிப்புக் கேட்டா அவமானம் பண்ணினதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்,” என்றான் தெமிர்லான்.

கம்ஷாத் கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். நாற்பத்தொரு அவரை விதைகள். ஜெரேயிடம் ஒரு மந்திரம் உண்டு: வானத்திடம் மூன்று கேள்வி கேட்கலாம். ஆம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். வானமாகப் பதில் சொல்கிற சயாத் பொய் சொல்லக் கூடாது என்பது ஆட்ட விதி. விதியில் விதைகளுக்கு வேலையே இல்லை, ஆனால் விதை பரப்பாமல் என்ன குறி என்று கம்ஷாத் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“வானத்துகிட்ட கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை,” என்றாள்.

சயாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று கேள்வி. இவர் எசனுக்குச் சொந்தமா என்று ஒன்று கேட்டால் போதும். எழுதி வைத்த காகிதத்தை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்தான்.

கம்ஷாத் விதைகளை மூன்று குவியலாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணி, மீதத்தை வரிசை வைத்தாள். முடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். “முதல் கேள்வி. கிண்ணம் நிறைய ஊத்தினதுல விருந்தாளிக்கு வருத்தமா?”

“அக்கா, ஒரு கேள்வியை இதுக்கா...”

“வானம் என்னை அக்கான்னு கூப்பிடாது.”

“இல்லை,” என்றது வானம், பல்லைக் கடித்தபடி.

தெமிர்லான் பெருமூச்சு விட்டான். “நல்லவேளை.”

“ரெண்டாவது. இவரால நமக்குக் கெடுதல் ஏதாவது உண்டா?”

“இல்லை.”

“அப்ப முடிஞ்சது,” என்றான் தெமிர்லான். “நல்ல மனுஷன், வருத்தமும் இல்லை. தூங்கட்டும். காலையில வழிக்குக் கறி கட்டிக் குடுத்து அனுப்பிட்டு நாம மலை ஏறுவோம். மூணாவது கேள்வியை மலைமேல இருக்கிற டிராகனுக்கு வெச்சுக்கலாம்.”

சயாத்தின் விரல்கள் மேஜைக்கடியில் மடங்கின. மடியிலிருந்த காகிதம் கசங்க ஆரம்பித்தது. காலையில் விருந்தாளி போய்விடுவான், வியாழக்கிழமை தெமிர்லானும் போய்விடுவான், சொல்ல நினைத்தது மடியிலேயே கிடக்கும். தாடையை இறுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான்.

தாடை இறுகியவர்கள் ஐம்பது பேரை வாரந்தோறும் பார்க்கிறவள் கம்ஷாத். எங்கேயோ வலிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. விதைகளைத் தள்ளிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

“டிராகன் இருக்கட்டும். மூணாவது கேள்வி. நாங்க இவரை யாருன்னு கேட்டுர மாட்டோமான்னு யாராவது தவிச்சுக்கிட்டு...”

“ஆமா,” என்றான் சயாத்.

“முழுசா கேக்கவே இல்லையே.”

“ஆமா. வானம் சொல்லுது. ஆமா.”

தெமிர்லான் பௌர்சாக்கைக் கீழே வைத்தான். “வானமே சொன்னப்புறம் தட்ட முடியாது. ஆனா மூஞ்சிக்கு நேரா கேக்க எனக்கு வராது. முதல்ல எசன் தன் ஏழு தலைமுறையைச் சொல்றான். நம்மளைச் சொல்லிட்டுக் கேட்டா அது விசாரணை ஆகாது, பேச்சு.” நிமிர்ந்து உட்கார்ந்தான். “நான் எசன். என் அப்பா தொலகான். அவர் அப்பா பைமுரத். அவர் அப்பா குலான். அவர் அப்பா இசத்தாய். அவர் அப்பா ஜனிபெக். அவர் அப்பா சமாவர். அவர் அப்பா அல்திபாய். நீங்க யார் பிள்ளை ஐயா?”

இந்த ஏழு பேரும் இரண்டு வருஷத்துக்கு முன் இதே மேஜையில் பிறந்தவர்கள். அன்று ஐந்து பெயர்களைத் தெமிர்லான் மளமளவென்று சொன்னான், ஆறாவதற்குத் திணறினான், மேஜைமேல் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற சமாவர் கண்ணில் பட்டது. உலகத்தில் வேறு எந்த வம்சத்திலும் சமாவர் என்று ஒரு பாட்டன் கிடையாது.

சயாத் தொண்டையைச் செருமினான். விருந்தாளியின் குரலில் சொன்னான்: “என் அப்பா தொலகான்.”

“எங்க ஊர்லயும் அந்தப் பேர் நிறைய,” என்றான் தெமிர்லான் மரியாதையாக.

“அவர் அப்பா பைமுரத். அப்புறம் குலான். இசத்தாய். ஜனிபெக்.” சயாத் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். “சமாவர்.”

தெமிர்லான் எழுந்தே விட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. “அக்கா, அண்ணன். இது நம்ம அண்ணன். நாலு வாரமா பேரே கேக்காம சோறு போட்டிருக்கேன்.”

“உக்காரு. பேசறார் பாரு,” என்றாள் கம்ஷாத்.

சயாத் காகிதத்தை நீவி விரித்தான். “தம்பி, நீ மேற்கே போகிறாய் என்று கேள்விப்பட்டேன்,” என்று படித்தான்.

“எசன் மலைக்குத்தானே போறான்? மலை தெற்கே.”

“வாயை மூடிக்கிட்டுக் கேளு,” என்றாள் கம்ஷாத்.

“பத்து வயதில் என் கணக்குப் பரீட்சைக்கு நீ விடை சொன்னாய். இரண்டு பேரும் தோற்றோம். ஞாயிறு மதியம் இந்த மேஜையில் நீ இல்லை என்றால் எனக்கு இந்த உலகமே வேண்டாம். உன்னைப் போல ஒருவன் எனக்கு இனிக் கிடைக்க மாட்டான். அந்த ஊரிலேயே இருந்துவிட்டாலும் நன்றாக இரு...” அங்கேயே நிறுத்திவிட்டான். காகிதத்தில் இன்னும் பாதிப் பக்கம் இருந்தது.

தெமிர்லான் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான். பிறகு, “டேய், இது எசனுக்கா?” என்றான்.

சயாத் காகிதத்தை மடித்தான்.

“நான் எங்கடா இருந்துரப் போறேன்? பதினஞ்சு நாள் வேலை, பதினஞ்சு நாள் வீடு. மாசத்துல ரெண்டு ஞாயிறு இங்கதான் உக்காருவேன்.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கவே இல்லையே. எத்தனை நாளு, எப்ப வருவே, ஒரு வார்த்தை கேட்டியா? நல்லதுடான்னே, தேநீரை ஊத்தினே. நான் போறது உனக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு அஞ்சு வாரமா வெந்துக்கிட்டு இருக்கேன்.”

சயாத்துக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கில் வந்து நின்றது. கம்ஷாத் விதைகளை அள்ளி முடிச்சுக்குள் போட்டாள்.

“எனக்குக் கேள்வி தீர்ந்துபோச்சு,” என்றாள். “இனிமே நீங்களே கேட்டுக்குங்க.”

“முதல் தடவை எப்ப வருவே?” என்றான் சயாத்.

“இருபத்தி மூணாம் தேதி.”

“அங்க தனி ரூமா? கூட எத்தனை பேர்? சாப்பாடு யார் போடுவா? போன் கிடைக்குமா?” மூச்சு விடாமல் கேட்டான். “குளிர் எப்படி இருக்கும்?”

காஸ்பியன் கரையின் குளிரை வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறவன் அவன். தெமிர்லான் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.