கம்பிக்கு நாற்பது, குடைக்குப் பத்து

புது வரிப் பட்டியல் வெளியான அன்று குடைக்காரம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் குடைக்கம்பிக்கு நூற்றுக்கு நாற்பது வரி. வெளிநாட்டிலிருந்து வரும் முழுக் குடைக்கோ வெறும் பத்து. அதாவது, கம்பியை வாங்கி, துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, தைத்து, நுனிகளில் முடிச்சுப் போட்டு இங்கேயே குடை செய்கிறவள் தலையில் நாற்பது. பெட்டியைப் பிரித்து அப்படியே விற்கிறவனுக்குப் பத்து. யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார்கள், நாலு நாளில் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் திருத்தவில்லை. உள்நாட்டு இரும்பு ஆலைகளைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லாக் கம்பிக்கும் வரியை ஏற்றியதில் குடைக்கம்பியும் மாட்டிக்கொண்டது. இத்தனைக்கும் குடைக்கம்பி செய்கிற ஆலை உள்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அவளுக்கு இருந்த ஒரே தைரியம் அவள் தங்கை. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள்; அதைவிட, வாரத்தில் பாதி நாள் தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருபவள். வரி, வர்த்தகப் பற்றாக்குறை, டாலர் என்று எதை எடுத்தாலும் எதிரில் இருப்பவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளிடம் குடைக்காரம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிக்கா," என்றாள் தங்கை, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சுத்த முட்டாள்தனம். கம்பிக்கு ஏத்திட்டு குடையை விட்டா, குடை பண்றவன் எல்லாம் கடையைச் சாத்திடுவான். டாலர் இன்னும் அதிகமாத்தான் வெளியே போகும்."

"அந்த டாலர்தான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஊர் உலகமெல்லாம் ஏன் அதுக்கு இப்படி அலையுது?"

"உலகம் பூரா அந்தக் காசைத்தான் சேமிப்பா பூட்டி வச்சிருக்கு. அதனால அந்த நாட்டுக்காரன் அச்சடிச்சு நீட்டினாலே சரக்கு வீடு தேடி வரும். நாம நீட்டினா எவனும் கையால தொட மாட்டான். சரக்கை வித்து டாலர் சம்பாதிச்சாத்தான் நம்மால எதையும் வாங்க முடியும்." தங்கை கை கழுவிக்கொண்டே திரும்பினாள். "வியாழக்கிழமை விவாதம் இதைப் பத்தித்தான். நீயே வந்து சொல்லேன். மந்திரி ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

குடைக்காரம்மா புதுப் புடவை உடுத்திக்கொண்டு போனாள். முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்ட பெண்ணிடம், "உள்ள உட்கார்ந்திருக்கறது என் கூடப் பிறந்தவதான்," என்று பெருமையாகச் சொன்னாள்.

விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் தங்கை உட்கார்ந்திருந்தாள். வரியை ஆதரிப்பவர்களின் பக்கம் அது. பார்வையாளர்கள் வசதிக்காக அப்படி உட்காரவைத்திருப்பார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தன் கதையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். தொகுப்பாளர் தங்கையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது," என்றாள் தங்கை. அக்கா என்று கூப்பிடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க குடையில கம்பி எந்த நாடு?"

"வெளிநாடுதான்."

"கைப்பிடி?"

"அதுவும்..."

"பட்டன்? துணி?"

"துணியும் அங்கேர்ந்துதான் வருது, ஆனா வெட்டறது, தைக்கறது..."

"அப்போ நீங்க விக்கிற ஒவ்வொரு குடைக்கும் நாட்டிலிருந்து எவ்வளவு டாலர் வெளியே போகுது? கணக்குப் பண்ணியிருக்கீங்களா?"

குடைக்காரம்மா விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"உள்நாட்டுத் தொழில்னு சொல்லிக்கிறாங்க," என்றாள் தங்கை, காமிராவைப் பார்த்து. "இதுல உள்நாடு எது?"

"மழை!" என்றார் தொகுப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் குடைக்காரம்மாவும் சிரித்தாள். அதைத்தான் காமிரா கிட்டத்தில் பிடித்துக் காட்டியது.

முடிந்ததும் ஒப்பனை அறையில் தங்கை அவள் தோளில் கை போட்டாள். "மனசுல வச்சுக்காதேக்கா. விவாதம்னா அப்படித்தான். வரி ஆணையத்துல ஒரு இடம் காலியாகுது, என் பேர் அடிபடுது. இந்த நேரத்துல நான் வேற பக்கம் உட்கார முடியுமா?"

"மட்டம் தட்டிப் பேச வேற ஆள் கிடைக்கலையாடி உனக்கு?"

"மத்தவங்க திருப்பிப் பேசுவாங்கக்கா," என்றாள் தங்கை, பஞ்சால் உதட்டுச் சாயத்தைத் துடைத்தபடி.

வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்த கணவரின் முகத்தில் அடக்கிய சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவரோடு நிற்கவில்லை. எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடியது. மொத்த வியாபாரிகள் போனை எடுத்ததும், "என்னம்மா, மழை ஸ்டாக் இருக்கா?" என்று ஆரம்பித்தார்கள். கூடவே விலையை அடித்துக் கேட்டார்கள். அடுத்த மாதம் தங்கைக்கு ஆணையத்தில் பதவி கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல அக்கா போன் பண்ணவில்லை.

பட்டறையில் துணி வெட்டுகிற பெண்மணி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் அவளைக் கட்டிங் அம்மா என்பார்கள். அடுக்கி வைத்த துணியில் அவள் கத்தி இறங்கினால் மேல் துண்டும் அடித் துண்டும் நூல் பிசகாது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருப்பவள். அவள்தான் கேட்டாள்: "அக்கா, எல்லாரும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கறோம். ஓட்டிப் பாக்கலாமா?"

குடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தொலைக்காட்சியைப் பார்த்து இவர்களும் சிரித்திருப்பார்கள் என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டிருந்தது. "வேண்டாம். நாளையிலேர்ந்து யாரும் வர வேண்டாம்," என்றாள். தையல் மெஷின்களைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டாள். அந்த இடத்தில் இரும்பு அலமாரிகள் வந்தன. அலமாரிகளில் பத்து விழுக்காடு வரி கட்டிய வெளிநாட்டுக் குடைகள் வந்து நிறைந்தன. லேபிள் ஒட்ட இரண்டு பேர் போதும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள், குடை செய்து பார்க்காத லாபத்தைக் குடை செய்யாமல் பார்த்துவிட்டாள். காரும் வாங்கினாள்.

ஒன்றரை வருடம் கழித்து வரி ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. கம்பி வரியைக் குறைக்கச் சொல்லி யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். அதிகமாகக் குடை விற்கிறவர் என்ற முறையில் உங்கள் கருத்து தேவை என்றார்கள்.

கூடத்தில் உயரமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தங்கை, சற்றுப் பருத்திருந்தாள். மனுப் போட்டது வேறு யாருமல்ல, கட்டிங் அம்மாதான். கூட வேலை பார்த்த மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்துக் குடை தைக்கிறாளாம். "கம்பி வரி மட்டும் குறைஞ்சா நாங்க பொழைச்சுக்குவோம், அம்மா," என்றாள் அவள். எழுந்து நின்று பேச வேண்டுமா, உட்கார்ந்து பேசலாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே பேசினாள். பேசி முடித்ததும் திரும்பிக் குடைக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தனக்காகப் பேச ஆள் வந்துவிட்டது என்ற சிரிப்பு.

"இது தப்பான வரின்னு எனக்குமே படுது," என்றாள் தங்கை. "திருத்தறதா இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு காலத்தில் அதைச் சொல்லத்தான் புதுப் புடவை உடுத்திக்கொண்டு போனாள். இன்று ஆமாம் என்றால் கார் ஷெட்டுக் குடைகள் அவள் விலைக்குக் கீழே சந்தைக்கு வந்துவிடும்.

குடைக்காரம்மா எழுந்தாள். நிதானமாகப் பேசினாள். "குடைக்கம்பிக்கு வரியைக் குறைச்சா, நாளைக்கு வேலிக்கம்பியையும் குடைக்கம்பின்னு சொல்லி இறக்குவாங்க. உங்க இரும்பு ஆலை எல்லாம் என்ன ஆகும்? இவங்க குடைக்குப் போற டாலருக்குக் கணக்கு உண்டா? அதுவும் போகட்டும். இவங்க பண்ற குடை ரெண்டு மழைக்குத் தாங்காது. என்கிட்ட வேலை பார்த்தவங்கதான், எனக்குத் தெரியும். வெட்டு சுத்தமா வரலைன்னுதான் நிறுத்தினேன்."

கட்டிங் அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கைக்கு அக்கா பொய் சொல்கிறாள் என்று தெரியும். அந்தப் பட்டறைக் குடையைத்தான் படிக்கிற காலம் முழுக்க அவள் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். குடைக்காரம்மா மறுகேள்விக்குத் தயாராக நின்றாள். தங்கையின் முகத்தில் ஒரு கூச்சம், ஒரு வலி, ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தாள். தெரிந்தது மெச்சுதல்தான். வெட்கக்கேடு என்னவென்றால், அது குடைக்காரம்மாவுக்குப் பிடித்திருந்தது.

"வரி அப்படியே இருக்கட்டும்," என்றாள் தங்கை எழுத்தரிடம். "அடுத்த மனு."

வாசலில் கட்டிங் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துக் குடைக்காரம்மா கார் கதவில் கை வைத்தாள்.

"குடோன்ல லேபிள் ஒட்ட ஆள் எடுக்கறீங்களாக்கா? ஷெட்டை இந்த மாசத்தோட விட்டுடறோம்."

"எடுக்கலாம். பழைய சம்பளத்துல பாதிதான் வரும்."

"சரிக்கா."

"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறியே," என்று குடைக்காரம்மா சிரித்தாள். "அப்போ பாதியிலயும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

கட்டிங் அம்மா அதற்கும் தலையாட்டினாள்.