உட்காரும் உயரம்

சாவி கைக்கு வந்த பிறகும் அவன் விடவில்லை. கார் கடையின் திறந்தவெளியில் மண்டியிட்டு, முன் சீட்டின் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பை இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை அளந்தான். டை கட்டிய விற்பனைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி கைப்பையை மார்போடு அணைத்தபடி, இந்த மனுஷனை என்னதான் செய்வது என்று நின்றாள்.

"சரியா இருக்கு," என்று எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். "அம்மா நாற்காலியும் இதுவும் ஒரே உயரம்."

அவனுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிப்டின் தளம் மாடித் தளத்தைவிட விரலளவு உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால்கூட யாராவது தடுக்கி விழுவார்கள். அந்தக் கண்ணோடுதான் பழைய கார் வாங்கவும் கிளம்பினான். ஊரிலிருக்கும் தங்கையிடம் சொல்லி, அம்மா யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுகிற நாற்காலியை அளக்கச் சொன்னான். அந்த அளவை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். மற்றவர்கள் எஞ்சினைக் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இவன் கதவைத் திறந்து டேப்பை நீட்டுவான். சின்னக் கார் எல்லாம் பள்ளம், பெரிய காருக்கெல்லாம் ஏணி வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். வேலைக்குப் போய்வர அவள் ஆசைப்பட்ட சின்னக் காரும் அதில் அடிபட்டுப் போயிற்று. உங்க அம்மா இருக்கப்போறது கொஞ்ச நாள், நான் பஸ்ஸுக்கு நிக்கறது வருஷம் பூரா என்று அவள் சண்டை போட்டது நிஜம். ஆனால், "இந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படிம்மா அங்கெல்லாம் வருவேன்" என்று அத்தை போனில் பயந்தபோது, முன்னாடி சீட்டு உங்களுக்குத்தான் அத்தை, ராணி மாதிரி உட்காருங்க என்று சொன்னதும் அவள்தான்.

இவர்கள் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட்டுகள் குடியேற்ற அலுவலகத்திலேயே கிடந்தன. எப்போது வரும் என்று கேட்டால் காத்திருங்கள் என்பதே பதில். நாம போக முடியலைன்னா என்ன, அம்மா வரட்டும் என்று அவன் விசாவுக்கு அலைந்தான். இரண்டு தடவை இல்லை என்றவர்கள் மூன்றாவது தடவை கொடுத்தார்கள். அடுத்த மாதம் டிக்கெட்.

கார் கடை நகரத்துக்கு வெளியே இருந்தது. வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியாக வரவேண்டும். அவன் லைசன்ஸ் வாங்கியே சில மாதங்கள்தான். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் இல்லாமல் இந்தச் சாலையில் ஓட்டுவது இதுதான் முதல். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அவள் போன் அதிர்ந்தது. நாத்தனார்.

"அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"வண்டி ஓட்டிட்டிருக்கார்."

"அவருக்குக் கேக்குதா?"

"இல்ல, சொல்லு."

"அம்மா போயிடுச்சு அண்ணி."

காபி கொண்டுபோய் எழுப்பினாளாம். உடம்பு சில்லிட்டுக் கிடந்ததாம். ராத்திரி அத்தை நன்றாகப் பேசிவிட்டுத்தான் படுத்தாளாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் ஓட்டும்போது சொல்லிவிடாதீர்கள், வண்டியை நிறுத்தியதும் சொல்லுங்கள் என்று நாத்தனார் கெஞ்சினாள். பிறகு குரல் உடைந்து, "அண்ணனுக்காக வைக்கிறதா, எடுத்துடறதான்னு எல்லாரும் கேக்கறாங்க," என்றாள்.

அவள் "ம்" என்றாள். அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

"யாரு, தங்கச்சியா? என்னவாம்?"

"கார் எடுத்தாச்சான்னு கேட்டா."

"அம்மா இந்நேரம் முழிச்சிருக்கும். போன் போடேன், காட்டலாம்."

"ரோட்டைப் பாருங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

நல்ல பிள்ளையாகச் சரி என்றான். ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்துபோனது, கார் லேசாக ஆடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதால் தெரிந்துவிடும். வைக்கிறதா எடுக்கிறதா என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போவது? இனி அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. இது தெரியாமல் அவன் கடற்கரைக்கு எந்த வழி, கூட்டம் இல்லாத நாள் எது, அம்மாவுக்கு இங்கத்துக் குளிர் ஒத்துக்குமா என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். இந்தச் சாலை முடியாமல் போனால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அதுவரைக்கும் அவனுக்கு அம்மா இருக்கிறாள்.

"சீட்டு எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

"முதுகு சாய வருதா பாரு. அம்மாவுக்கு முதுகும் வலிக்கும்."

அவள் சாய்ந்து பார்த்தாள். வருது என்றாள்.

குடியிருப்பின் கீழே, கோடு போட்ட இடத்துக்குள் முன்னும் பின்னுமாக நகர்த்தி ஒருவழியாக நிறுத்தினான். எஞ்சின் அடங்கியது. அவள் "ஏங்க" என்று திரும்புவதற்குள் அவன் இறங்கிச் சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். கையில் போன்.

"இறங்கு. அம்மா எப்படி ஏறுமோ அப்படியே ஏறிக் காட்டு. வீடியோ எடுத்து அனுப்பறேன், பார்த்தா பயம் போயிடும்."

இறங்கினாள். இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் இதை அழித்தே ஆக வேண்டும், அவளை விட்டால் சொல்ல இங்கே வேறு ஆளில்லை.

"சும்மா நிக்கறியே, ஏறு."

அவள் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அத்தை செய்வது போலவே கதவை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சீட்டு இருக்கிறதா என்று மறுகையால் தடவிப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள். முட்டிக்குச் சிரமமே இல்லை, உயரம் அவ்வளவு சரியாக இருந்தது. பிறகு இரண்டு கையாலும் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள்.

"பாத்தியாம்மா," என்றான் அவன் போனைப் பார்த்து. "இவ்வளவுதான். ஒருத்தர் கையையும் பிடிக்க வேண்டாம்." பிறகு அவளைப் பார்த்து, "இப்ப எழுந்திரு," என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை. கைகள் முட்டியின்மேல் அப்படியே இருந்தன.

"எழுந்திரு, எடுத்துட்டிருக்கேன்."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கைப்பைக்குள் அவள் போன் மறுபடி அதிரத் தொடங்கியது. அவள் அதை எடுக்கவில்லை.

அவன் கை மெல்லத் தாழ்ந்தது. போனில் சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. தரையில் போட்ட வெள்ளைக் கோடும் மண் ஒட்டிய அவன் ஷூவும் அதில் பதிவாகிக்கொண்டிருந்தன.