விலேம் கூப்காவின் புதிய படைப்பு

…கெடுத்துவிட்டால்தான் என்ன, ஒரே ஒரு இடத்தில் வில்லைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், சுரம் நொண்டும், யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை, புதிய இசை என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள் பிர்னோ நகரின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தார், இடைவேளைக்குப் பிறகு வரும் பழைய சிம்பொனிக்காகச் சீட்டு வாங்கியவர்கள்தானே எல்லோரும்... ஸ்லாவ்கா, வயலினைவிடச் சற்றுப் பெரிய தன் வயோலாவைத் தோளில் பொருத்திக்கொண்டாள். முதலில் வாசித்த பழைய உருப்படிக்கான கைதட்டல் அப்போதுதான் அடங்கியிருந்தது. “இதைக் கடைசியில வெச்சா பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிடுவான், அதான் நடுவுல செருகிட்டாங்க,” என்று பக்கத்து நாற்காலி லுபோஷ் முணுமுணுத்தான். அவள் சிரிக்கவில்லை. லுபோஷுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, நான்கு நாள் ஒத்திகையில் அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் கூப்கா, இதை எழுதியவர், காலை ரயிலில்தான் பிராகிலிருந்து வந்தாராம், தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் கைகளை மடியில் கோத்து வைக்கும் விதம் அதேதான்... இருபது வருடம் ஆகிறதா? எழுபத்து மூன்றாம் வருடம், அவர் இந்த ஊர் இசைக் கல்லூரியின் இளம் விரிவுரையாளர், அங்கே கம்யூனிஸ்ட் கட்சிக் குழுவின் செயலாளர், அவள் இரண்டாம் ஆண்டு மாணவி, அவள் அண்ணன் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போய்விட்ட மாதம். அவளைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று படித்தார், இவள் நம்மோடு இருக்கத் தகுதியற்றவள் என்று, குரலில் கோபம்கூட இல்லை, கோபம் இருந்திருந்தால் மன்னித்திருப்பாளோ? படித்து முடித்துவிட்டுத் தட்டிலிருந்து பன்றியிறைச்சி வைத்த ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்தார். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, பதினாறு வருடம் டிராம் பணிமனையில் இருக்கைகளைத் துடைத்தாள், உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினாள், ஆட்சி மாறிய பிறகு ஆள் யாரென்று தெரியாதபடி நடக்கும் தேர்வில் திரைக்குப் பின்னாலிருந்து வாசித்துக் காட்டி, முப்பத்தேழு வயதில், இசைக்குழுவில் இந்த நாற்காலி... இப்போது வயோலா தனியாக வாசிக்கவேண்டிய அந்த இரண்டு நிமிடம், மற்ற எல்லா வாத்தியங்களும் ஓய்ந்துவிட்டன, கெடு, இப்போது கெடு, கை கேட்கவில்லை, கை அந்த மெட்டைத் தேடிப் போகிறது, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான் பாவி, மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்று யோசித்து, மறுபடி ஏறி... இதை எழுதும் மனமா அந்தக் கடிதத்தையும் எழுதியது? அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் இசைக்குழுவின் நடத்துநர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார், நின்றாள், சிம்பொனிக்காக வந்தவர்கள் கை ஓயாமல் தட்டினார்கள்.

இடைவேளையில் கூப்கா அவளைத் தேடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார், அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், வெதுவெதுப்பான கைகள், கண்கள் கலங்கியிருந்தன, அந்தக் கண்களில் அவளைத் தெரிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. “நான் என்ன எழுதியிருக்கேன்னு நீங்க வாசிச்ச பிறகுதான் எனக்கே புரிஞ்சுது, மேடம். எங்க படிச்சீங்க?”

“இங்கதான். ரெண்டு வருஷம்.”

“ரெண்டே வருஷமா? இவ்வளவு திறமைய வெச்சுக்கிட்டு ஏன் விட்டுட்டீங்க?”

பக்கத்தில் லுபோஷ் காபியோடு நின்றான், சொல்லிவிடலாம், இருபது வருடமாகப் பாடம் செய்து வைத்த வாக்கியம், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “வீட்டுல கொஞ்சம் கஷ்டம்,” என்றாள். ஐயோ பாவம் என்பதுபோல் அவர் தலையசைத்தார், கையை விட்டார், யாரோ கூப்பிடத் திரும்பி நடந்தார். நடிக்கிறாரா? இல்லை, உண்மையாகவே நினைவில்லை, அப்படி எத்தனை கடிதமோ... என்ன இது, முகம் ஏன் இப்படிச் சுடுகிறது, வெட்கமா, கோபமா, இரண்டும் இல்லையே, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஏன் நிற்கிறேன், நன்றாக வாசித்தாய் என்று அவர் இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போகமாட்டாரா என்றா…