ஒரு நிமிடம் பிந்திய மருமகன்

வாசிக்கும் பெரியோர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவளுக்குக் கதை எழுத என்ன உரிமை என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. இதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் வினாத்தாள்களே. எனினும், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் ஏறாவூரில் நடந்த ஒரு கலியாணத்தை, அருகிலிருந்து கண்டவள் என்ற ஒரே துணிவில் சொல்ல முற்படுகிறேன்.

ஹமீட் என்னிடம் படித்தவர். ஏறாவூரில் சிறிய கணினிக் கடை நடத்தினார். அவருடைய தங்கை ஸகியாவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்த வேளையில் தகப்பனார் முகைதீன்பாவா மாரடைப்பால் காலமானார். மாப்பிள்ளை அஹமட் கட்டாரில் வேலை செய்பவர்; விடுமுறை முடிவதற்குள் திரும்பியாக வேண்டும். யுத்தத்தால் பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று எவராலும் சொல்ல முடியாத காலம் வேறு. ஆகவே கலியாணத்தைத் தள்ளிப்போடவில்லை.

ஆனால் தாயார் ஆயிஷா உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் குறித்த காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கடமை அது. கலியாணமோ ஸகியாவுக்கெனக் கட்டிய புதிய வீட்டில், வேலிக்கு அப்பால். பெற்ற மகளின் கலியாணத்தை அவர் ஒலிபெருக்கியில் கேட்கலாம், காண முடியாது.

"டீச்சர், அங்க ஒரு கெமராவப் பூட்டி, வயர் இழுத்து, உம்மாட அறைக்குப் படத்த அனுப்பேலாதா?" என்று ஹமீட் கேட்டார்.

இயலும் என்று சொல்லிவிட்டேன். செங்கலடியிலிருந்து புறப்பட்ட என் பையைச் சோதனைச் சாவடியில் திறந்த சிப்பாய், சுருட்டிய வயரைக் கண்டு யோசனையில் ஆழ்ந்தார்.

"இது எங்க போறது?"

"கலியாண வீட்டுக்கு, ஐயா."

"கலியாணத்துக்கு வயர் எதுக்கு? மாப்பிள்ளை ஓடுமா?"

ஓடமாட்டார் என்று மிகுந்த பணிவுடன் உறுதியளித்தேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

புதிய வீட்டில் ஹமீட்டின் கணினியும் கெமராவும். மாமரக் கொப்பு வழியாக வேலியைத் தாண்டி வந்த வயரின் மறுமுனையில், ஆயிஷா உம்மாவின் அறையில் என் மடிக்கணினி. பரீட்சித்துப் பார்த்தபோது படம் திக்கித் திக்கி வந்தது; ஹமீட்டின் கணினி பழையது. ஆகையால், வரும் படத்தை ஒரு நிமிட அளவுக்குச் சேர்த்துவைத்துக்கொண்டு அதன் பின்பே காட்டும்படி மடிக்கணினியின் பிளேயரை மாற்றியமைத்தேன். படம் திக்காமல் ஓடியது. ஒரு நிமிடம் பிந்தினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எண்ணினேன்.

அன்று காலை பாதை மூடப்பட்டதால் மட்டக்களப்பிலிருந்து வரவேண்டிய படப்பிடிப்பாளர் வரவில்லை. "பரவாயில்ல டீச்சர், நம்மட கெமராவாலயே கணினியில பதிஞ்சிருவம்" என்றார் ஹமீட்.

அறையில் பெண்கள் நிறைந்திருந்தனர். காலமானவரின் சகோதரி செய்னம்பு மாமி, ஆயிஷா உம்மாவை 'மச்சி' என்றே அழைப்பவர், திரையைச் சந்தேகத்துடன் நோக்கினார்.

"டீச்சர், இந்தப் பெட்டிக்குள்ளால அங்க இரிக்கிற ஆம்புளயள் மச்சியப் பார்ப்பாங்களா?"

"இல்லை மாமி. கெமரா அங்கே மட்டுந்தான்."

"அப்ப மச்சி அவங்களப் பார்க்கிறது? நிக்காஹ் முடிஞ்சாத்தானே அவரு மருமகன்? அதுவரைக்கும் அந்நியன்தானே?" என்றவர், ஒரு துவாயை எடுத்துத் திரையின்மேல் போட்டுவிட்டார்.

"நான் பெத்த புள்ளட கலியாணம்கா இது. துவாயப் பார்க்கவா என்ன இருத்திரிக்கிங்க?" என்றார் ஆயிஷா உம்மா.

"கொஞ்சம் பொறு மச்சி. மருமகன் எங்கயும் போகமாட்டாரு."

ஒலிபெருக்கியில் மௌலவியின் குரல் கேட்டது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்ட சொல்லும் கேட்டது. புதிய வீட்டில் குரவை எழுந்தது. எங்கள் அறையிலும் எழுந்தது. செய்னம்பு மாமி வெற்றியுடன் துவாயை இழுத்தார்.

திரையில் மாப்பிள்ளை தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மௌலவி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னகா இது! இன்னும் தொடங்கவே இல்லியே!"

படம் ஒரு நிமிடம் பிந்தி வருவதை நான் தயக்கத்துடன் விளக்கினேன்.

"அப்ப இந்தப் பெட்டிக்குள்ள நிக்காஹ் இன்னும் ஆகல்ல?"

"ஆகிவிட்டது மாமி. ஆனால்... இதற்குள் ஆகவில்லை."

துவாய் மறுபடியும் விழுந்தது. "காதுக்கு மருமகன், கண்ணுக்கு அந்நியன்! இப்படி ஒரு மாப்புள்ளய இந்த ஊரு கண்டிரிக்கா?"

முதலில் சிரித்தவர் ஆயிஷா உம்மாதான். இத்தா தொடங்கிய பின் அவர் சிரித்ததை அங்கிருந்த எவரும் கண்டதில்லையாம். பின் அறை முழுவதும் சிரித்தது. மடிக்கணினிக்குள் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்ட சொல் கேட்டதும் துவாய் விலகியது. இரண்டாம் முறையும் குரவை எழுந்தது.

ஹமீட் தொலைபேசியில் அழைத்தார். "என்ன உம்மா, அங்க ரெண்டாவது கலியாணமா நடக்கிது?"

"கதைக்காம கெமராவத் திருப்பு மகன். தாலி கட்டுறத நான் பார்க்கணும். அது ஒண்டுதான் எனக்கு வேணும்."

ஆயிஷா உம்மா திரைக்கு முன்னே நகர்ந்து அமர்ந்தார். நிக்காஹுக்குப் பின் மாப்பிள்ளை பெண்ணின் அறைக்குச் சென்று தாலி கட்டுவது இப்பகுதி முஸ்லிம்களின் வழக்கம்; ஹமீட் கெமராவை அங்கே கொண்டுபோனார். திரையில் ஸகியாவின் கைகள் தெரிந்தன, மருதாணி, வளையல்கள். மாப்பிள்ளை அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஆனால் ஒலிபெருக்கியில் பெண்கள் குரவையிடத் தொடங்கிவிட்டார்கள். அங்கே தாலி ஏறிக்கொண்டிருந்தது.

குரவை பாதியில் அறுந்தது. எங்கள் அறையின் மின்விசிறி நின்றது. ஊருக்கே மின்சாரம் போயிருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து ஹமீட்டின் குரல் வந்தது: "டீச்சர், எல்லாம் போச்சு! கணினி நிண்டுட்டு! கெமரா செத்துட்டு!"

"அல்லாஹ்வே, அந்த ஒண்டையுமா மச்சிக்கிக் குடுத்துவெக்கல்ல!" என்று செய்னம்பு மாமி அழத் தொடங்கினார்.

ஆயிஷா உம்மா திரும்பவில்லை. "சத்தம் போடாதங்க. இதுக்குள்ள இன்னும் கரண்ட் போகல்ல."

மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பிய கெமரா நின்றுவிட்டபோதிலும், சேர்த்துவைத்த நிமிடம் அதனிடம் மிஞ்சியிருந்தது. அஹமட் உள்ளே வந்தார். தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தைச் சுற்றினார். கொளுக்கி மாட்டவில்லை. மீண்டும் முயன்றார். ஸகியா கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"கிட்டப் புடிச்சு மாட்டு, மகன்," என்றார் ஆயிஷா உம்மா திரையைப் பார்த்து. "அவசரப்படாத."

கொளுக்கி மாட்டியது. ஸகியா தலையை நிமிர்த்தி நேரே கெமராவைப் பார்த்தாள். தாயார் தன் விரல்களால் திரையில் அவள் கன்னத்தைத் தடவினார். பின் திரை கறுத்தது.

ஹமீட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உம்மா, தாலி கட்டுறதக் காட்ட ஏலாமப் போச்சே..."

"உன்ட மச்சானுக்கு ஒரு கொளுக்கி மாட்டத் தெரியா," என்றார் ஆயிஷா உம்மா. "பார்த்திட்டன்."

ஹமீட் அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டார்.

நட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் திரும்பிய வேகத்தில் ஒலிபெருக்கிக்காரரின் அம்பிளிஃபயர் எரிந்தது. ஹமீட்டின் கணினியில் வன்தட்டு பழுதானது. அதில் பதிந்துகொண்டிருந்த கலியாணம் முழுவதும் அழிந்தது. என் மடிக்கணினி படத்தைக் காட்டியதேயன்றிப் பதியவில்லை. ஸகியாவின் கலியாணத்துக்கு இன்றுவரை ஒரு படமும் இல்லை.