பதினோராவது இடம்

பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் வழிகாட்டி மைக்பாய் மூன்று பொய் சொல்லி முடித்திருந்தான். ஏசி நன்றாக வேலை செய்கிறது என்றான், செய்யவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் நிற்போம் என்றான். கால் மணிக்கு மேல் நின்றால் முதலாளி போனில் கத்துவார். இந்த நகரத்தின் வரலாற்றைப் பதினெட்டு வருடமாகப் படித்து வருவதாகச் சொன்னான். இந்த ஊருக்கு அவன் வந்தே ஒன்பது வருடம்தான் ஆகிறது. வந்த புதிதில் கிடங்கில் அட்டைப்பெட்டி சுமந்துகொண்டிருந்தான்.

புனித நகரத்துக்கு வரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு பழைய பள்ளிவாசல், போர் நடந்த மைதானம், மலையடிவாரம், அடக்கத்தலம் என்று சுற்றிக் காட்டுவதுதான் இப்போது அவன் பிழைப்பு. ஜியாரத் என்பார்கள். தமிழும் தெரியும், அந்த ஊர் மொழியும் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். வரலாறு தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி கேட்டதெல்லாம், தொண்டை நன்றாக இருக்கிறதா என்பதுதான். தொண்டைக்கு என்ன குறை! மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் பிடுங்கவே முடியாது. அதனால்தான் அந்தப் பெயரே வந்தது.

பயணிகள் மட்டும் யோக்கியமா என்ன? ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்து வந்தவர்கள், போர் நடந்த மைதானத்தில் இறங்கவே சோம்பல்பட்டார்கள். வெயில் என்றார்கள். அருங்காட்சியகத்தில் பாதிப் பேர் போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கல்வெட்டின் முன்னால் நின்றுகொண்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார் ஒருவர். ஆனால் அதிசயம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், குறட்டை விட்டவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த அதிசயத்தை அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவன் மைக்பாய்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாலையோரத்தில் டயர் வெடித்து நாற்பது நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. வேறு நிறுவனம் பதினான்கு இடம் காட்டுகிறது, நீங்கள் பத்தோடு ஏமாற்றுகிறீர்கள் என்று ஒருவர் வம்புக்கு வந்தார். மைக்பாய் சுற்றுமுற்றும் பார்த்தான். சற்றுத் தள்ளிச் சுவர் இடிந்த கிணறு ஒன்று கிடந்தது. சாலை போட்டவர்கள் சிமெண்ட் கலக்கத் தோண்டிவிட்டுப் போனது. அது பதினோராவது இடமாயிற்று.

நபியின் பெயரை இழுத்தால் விவரம் தெரிந்தவன் எவனாவது பிடித்துக்கொள்வான் என்ற எச்சரிக்கை மட்டும் அவனுக்கு இருந்தது. ஆகவே பெயர் தெரியாத ஓர் இறைநேசரைக் கற்பனை செய்தான். அவருக்கு ஒரு வியாதியைக் கொடுத்தான். கனவைக் கொடுத்தான். இந்தத் தண்ணீரை மூன்று நாள் குடிக்கவைத்துக் குணமாக்கியும் விட்டான். அடுத்த மாதமே முதலாளி அதை விளம்பரத் தாளில் அச்சடித்துவிட்டார். கதை உண்மையா என்று அவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் மைக்பாய் ஒருநாள்கூட அந்தத் தண்ணீரில் வாய் நனைத்ததில்லை. அவனுக்குக் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்.

அன்றைக்கு வந்த குழுவில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளும், பூட்டு பழுது பார்க்கும் அவர் கணவரும் இருந்தார்கள். எல்லா இடத்திலும் இறங்கிக் கவனமாகக் கேட்டவர்கள் அந்த இருவர்தான். தையற்காரம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை ஊசி. மருந்தைச் சின்னக் குளிர்ப் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

கிணற்றடியில் அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், சர்க்கரைக்கும் கேட்குமா என்று.

"எதுக்கும் கேட்கும்கா. மூணு நாள் குடிங்க. ஆனா நம்பிக்கை முழுசா இருக்கணும். மனசுல துளி சந்தேகம் இருந்தாலும் பலிக்காது" என்றான் மைக்பாய், வாய் கூசாமல்.

பலிக்காமல் போனால் தப்பித்துக்கொள்ள அவன் எப்போதும் சேர்த்துக்கொள்ளும் வால் அது. குற்றம் குடித்தவர் தலையில் விழும், கிணற்றின் மேல் விழாது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! அந்த வால்தான் அம்மாளைச் சுற்றிக்கொண்டது. பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரையும் குடித்துவிட்டு ஊசியையும் போட்டுக்கொண்டால் அது சந்தேகம் ஆகாதா என்று யோசித்தார். அன்று இரவு ஊசியை எடுக்கவில்லை. கணவர் சொல்லிப் பார்த்தார். மூன்று நாள்தானே, பேசாமல் இருங்கள் என்று அம்மாள் அவரை அடக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் முற்பகல் விடுதி அறையில் வாந்தி எடுத்து, மூச்சு இரைத்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பூட்டுக்காரருக்கு அந்த ஊர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முதலாளிக்குப் போன் போக, அவர் அனுப்பியது வேறு யாரை? மைக்பாயைத்தான்.

அவசரச் சிகிச்சை அறையில் மருத்துவர் நேராகக் கேட்டார்: சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கிறது, ஊசியை நிறுத்தினாரா? மைக்பாய் அதைத் தமிழில் சொன்னான்.

"மூணு நாளா போடலைன்னு சொல்லுங்க தம்பி" என்றார் பூட்டுக்காரர். "கிணத்துத் தண்ணியை நம்பி நிறுத்திட்டாள்னு சொல்லுங்க."

இரண்டு வருடமாகச் சொன்ன பொய்யைத் தன் வாயாலேயே இன்னொரு மொழியில் சொல்ல வேண்டும். எந்தக் கிணறு என்று மருத்துவர் கேட்பார், யார் சொன்னது என்று கேட்பார், போலீஸ் வரும், வேலை போகும். மைக்பாய், ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாராம் என்று மொழிபெயர்த்தான். அட பாவி! ஒரு மனுஷி உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போதும் அவனுக்குப் பிழைப்புதான் பெரிதாகப் பட்டது.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். ஊசி போட்டும் இப்படி என்றால் வேறு ஏதோ இருக்கிறது, இதயமாக இருக்கலாம், உள்ளே கிருமி தொற்றியிருக்கலாம், முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பூட்டுக்காரர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை, நீங்க வந்தீங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லிட்டீங்கல்ல?"

மைக்பாய்க்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையை உதறிக்கொண்டு ஓடினான். நடைவழியின் கடைசியில் மருத்துவரை மறித்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். ஊசி நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. நிறுத்தக் காரணம் ஒரு கட்டுக்கதை. கட்டியவன் நான். சற்று முன் மாற்றிச் சொன்னவனும் நான்.

மருத்துவர் அவனைத் திட்டவில்லை. திட்டக்கூட இவன் லாயக்கில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலைத் திருப்பச் சொல்லிக்கொண்டே நடந்தார். உடனே இன்சுலின் ஏற்றினார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு செவிலியர் பிறகு சொன்னார். அதையும் அவன் பூட்டுக்காரருக்கு மொழிபெயர்த்தான், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல். தான் முதலில் மாற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். பூட்டுக்காரர் எழுந்து போய்த் தூர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் புதுக்குழு. முதலாளி போனில், நடந்ததைப் பற்றி மூச்சு விடாதே, வழக்கம்போல் எல்லா இடத்தையும் காட்டு என்றார். கிணற்றடியில் ஓட்டுநர் பேருந்தை நிறுத்தினார். மைக்பாய் மைக்கை எடுத்து, இது சிமெண்ட் கலக்கத் தோண்டிய கிணறு, மற்றதெல்லாம் நான் விட்ட கதை, இதை நம்பிய ஓர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றான். துஆ கேட்டு வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள் என்றான்.

பேருந்து பொங்கிவிட்டது. பொய்யனிடம் ஏறினோமே என்று பொங்கியிருந்தால் மெச்சலாம். விளம்பரத் தாளில் பதினொன்று என்று போட்டுவிட்டுப் பத்தோடு நிறுத்தலாமா என்பதுதான் அவர்கள் கோபம். இவனுக்கு ஈமான் போதாது, இறைநம்பிக்கை இல்லாதவன் என்று ஒருவர் அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார். இன்னும் இருவர் இறங்கிப்போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். மைக்பாய் அந்தப் பாட்டில்களைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தான். சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். தையற்காரம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். பூட்டுக்காரர் முகம் கொடுக்கவில்லை. மைக்பாய் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டான். கிணறு பொய்யென்று பேருந்தில் சொல்லிவிட்டதையும் சொன்னான். இப்படிப்பட்ட கதையை எப்படிக்கா நம்பினீர்கள் என்று அழுகையோடு கேட்டும்விட்டான்.

அம்மாள் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"கிணத்தை யாரு நம்பினா? நம்ம ஊர்ல ஒருத்தன் இப்படிச் சொல்லியிருந்தா போடான்னு வந்திருப்பேன். இந்த மண்ணுல நின்னுக்கிட்டு ஒருத்தன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பினேன்."

அம்மாள் அதோடு விடவில்லை.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா மார்க்கத்துக்கு ஒரு குறையும் வராது தம்பி. தெரிஞ்ச மாதிரி கதை கட்டுறீங்களே, அதுலதான் ஆளும் சாகுறான், மார்க்கமும் அசிங்கப்படுது. போங்க. போய் இதையும் நாலு பேருக்குச் சொல்லுங்க."